நான் அழித்த நாற்பது

அன்புள்ள கலா,

ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தபோது, லைன் சரியில்லை, அப்புறம் பேசுகிறேன் என்று வைத்துவிட்டேன். லைன் நன்றாகத்தான் இருந்தது. உன் பின்னால் மாப்பிள்ளை குழாயில் தண்ணீர் வருகிறதா என்று யாரையோ கேட்டது வரைக்கும் எனக்குத் தெளிவாகக் கேட்டது. நீ சொன்ன ஒரு வார்த்தைக்குத்தான் என்னால் பதில் பேச முடியவில்லை. "இந்த ஆடிக்கும் நம்ம கடை வெப்சைட்ல தள்ளுபடி போட்டுடலாம் நைனா. ஆனா நான் போட மாட்டேன். ஆபீஸ்ல கூட வேலை செய்யற பொண்ணு ஒருத்தி கீறா, அவளை வுட்டு போடச் சொல்றேன். எங் கை மேலயே எனக்கு நம்பிக்கை இல்ல" என்றாய். சிரித்துக்கொண்டேதான் சொன்னாய். நான்கு நாளாக அந்தச் சிரிப்பு என் காதை விட்டுப் போகவில்லை. கடையில் துணியை அளந்துகொண்டே எத்தனை மீட்டர் என்று மறந்துவிடுகிறேன். உன் கையில் ஒரு குற்றமும் இல்லையம்மா. போன வருடம் நடந்ததற்கும் உன் கைக்கும் சம்பந்தமே கிடையாது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். நான் நேராக விஷயத்துக்கு வருகிறவன் இல்லை என்று உனக்குத் தெரியும். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

நீ அந்த வெப்சைட்டை உருவாக்கிக் கொடுத்தபோது நான் அதை நம்பவில்லை. மலைக் கோயிலுக்கு வருகிறவன் கீழே நம் கடையில் மஞ்சள் வேட்டி வாங்குவான், பெண்டுகள் வேண்டுதல் சேலை வாங்குவார்கள், அதைப் போய் யார் கம்ப்யூட்டரில் பார்த்து வாங்குவார்கள் என்று கேட்டேன். முதல் ஆர்டர் நாக்பூரிலிருந்து வந்தது. பெட்டி கட்டும்போது உன் அம்மா அந்தச் சேலைக்கு மேல் கொஞ்சம் விபூதிப் பொட்டலம் வைத்தாள். ஊரை விட்டுப் போனவர்களுக்கும் வேண்டுதல் போகவில்லை என்பது அன்றுதான் எனக்குப் புரிந்தது. அதற்குப் பிறகு தினமும் காலையில் கடையைத் திறந்து ஊதுபத்தி ஏற்றியதும் பஸ் ஸ்டாண்டு பக்கத்து பிரவுசிங் சென்டருக்கு நடந்து போய், ராத்திரி வந்த ஆர்டர்களைத் தாளில் எடுத்துக்கொண்டு வருவது எனக்குப் பழக்கமாயிற்று. நீ நோட்டில் எழுதிக் கொடுத்த பாஸ்வேர்டை ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டுவேன்.

போன வருடம் ஆனி மாதம் நீ சென்னையிலிருந்து வந்தபோது ஒரு பட்டியலைக் காட்டினாய். சேலையைத் தேர்ந்தெடுத்து, முகவரியெல்லாம் எழுதி, காசு கட்டும் கடைசிப் பக்கம் வரைக்கும் வந்து, கட்டாமல் போனவர்களின் பட்டியல். எவ்வளவு நீளம்! கடையில் ஒருவர் துணியை மடித்து வைத்துவிட்டு எழுந்தால் அவர் முகம் நமக்குத் தெரியும். "இன்னாமா, எழுந்துட்டே? உக்காரு, இன்னா வெலைக்கு வேணும் சொல்லு" என்று கூப்பிடலாம். பாதிப் பேர் உட்கார்ந்துவிடுவார்கள். இங்கே இத்தனை பேர் என் கடைக்குள் வந்து, துணியைத் தொட்டு, எழுந்து போயிருக்கிறார்கள், எனக்குத் தெரியவே இல்லை. நான் புலம்பியதும் நீ சொன்னாய்: "அவங்களைக் கூப்பிடறதுக்குத்தான் நைனா இந்தக் கட்டம். வாங்கறவங்க கடைசிப் பக்கத்துல, நாம குடுக்கற கூப்பன் மாதிரி ஒரு சொல்ல இதுல போடணும். அதைப் போட்டா வெல கொறையும்."

ஆடிக் கிருத்திகைக்கு என்று அந்தத் தள்ளுபடியை நீ என் பக்கத்தில் உட்கார்ந்து போட்டாய். மூன்று கட்டங்கள் இருந்தன. எவ்வளவு குறைப்பது, எந்தத் தேதி வரைக்கும், எத்தனை பேருக்கு. மூன்றாவதில் நாற்பது என்று தட்டினாய். "நாப்பது பேருக்கு மேல வேணாம் நைனா. மாமா தறி தாங்காது. கிருத்திகைக்கு முன்னாடி போய்ச் சேரணும், இல்லன்னா அந்தச் சேலை இன்னாத்துக்கு?" என்றாய். அந்தக் கட்டத்தை ஏன் காலியாக விடக்கூடாது என்று நான் கேட்டேன். "காலியா வுட்டா கணக்கே இல்ல. எத்தினி பேரு வேணா எடுத்துகினு போவாங்க" என்றாய். கலா, அந்தப் பதிலை நான் மறக்கவே இல்லை. அது தெரியாமல் செய்தேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழி இல்லை.

நீ சென்னைக்குப் போன ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, பிரவுசிங் சென்டரில் பார்த்தபோது முப்பத்தெட்டு பேர் எடுத்திருந்தார்கள். இன்னும் இரண்டு பேர், அதோடு நின்றுவிடும். நீ காட்டிய அந்தப் பட்டியல்தான் என் கண் முன்னால் வந்தது. இனிமேல் வருகிறவர்கள் கட்டத்தில் சொல்லைப் போடுவார்கள், முடிந்துவிட்டது என்று வரும், எழுந்து போய்விடுவார்கள். அதற்கு முந்தின நாள் சாயங்காலம் பொதட்டூர்பேட்டைக்குப் போன் செய்து, நமக்குச் சேலை நெய்து கொடுக்கிற உன் மாமாவைக் கேட்டிருந்தேன். "எழுவது எம்பது வரைக்கும் நெய்யலாம் பாவா, கரண்ட் ஒழுங்கா இருந்தா" என்று சொன்னான். முன் பாதியை வைத்துக்கொண்டேன், பின் பாதியை விட்டுவிட்டேன். அந்தக் கட்டத்துக்குள் போய் நாற்பதை அழித்தேன். வேறு எண் எதுவும் போடவில்லை. சேமித்து, பாஸ்வேர்டு எழுதிய நோட்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வரும் வழியில் டீ குடித்தேன். டீ நன்றாக இருந்தது. என் வியாபாரத்தை நானே கம்ப்யூட்டரில் பார்த்துக்கொள்ளும் அளவுக்குத் தேறிவிட்டேன் என்று பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வாரமே மின்வெட்டு இரண்டு மணி நேரத்திலிருந்து நாலு, ஐந்து என்று ஏறியது. பவர்லூம் நின்றால் நின்றதுதான். ஒரு நாள் பொதட்டூர்பேட்டைக்குப் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தமே இல்லை. உன் மாமா வாசலில் பீடி பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். "இன்னா பாவா, இன்னும் ஆர்டரு வந்துகினே கீதாமே? நான் கரண்ட் இருந்தான்னு சொன்னேனே" என்றான். அன்றைக்குத் தாளில் நூறைத் தாண்டியிருந்தது. எண்ணைத் திரும்பப் போட உடனே பிரவுசிங் சென்டருக்கு ஓடினேன். அங்கேயும் கரண்ட் இல்லை. மறுநாள் போனால் நெட் இல்லை. அதற்கு மறுநாள் சனிக்கிழமை, நீயே வந்துவிட்டாய்.

நீ தாள்களைப் புரட்டியது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஒரு தடவை எண்ணினாய். மறுபடியும் எண்ணினாய். உன் லேப்டாப்பைத் திறந்து, கொண்டுவந்திருந்த டேட்டா கார்டைச் செருகி அந்தக் கட்டத்தைப் பார்த்தாய். காலியாக இருந்தது. "நாப்பதோட நின்னிருக்கணுமே நைனா. நான்தான் நம்பர் போட்டுட்டு சேமிக்காம வுட்டுட்டேன் போல கீது. அய்யோ, இத்தினி பேரு... இத்தினி பேரு வேண்டுதலு" என்றாய். 'இல்லம்மா, நான்தான்' என்பது என் நாக்கு நுனி வரை வந்தது. அப்போது உன் அம்மா காபி கொண்டுவந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டேன். ஒரு வாய் குடித்தேன். பிறகு என்ன சொன்னேன் தெரியுமா? "பரவால்ல வுடும்மா, எல்லாருக்கும் நடக்கறதுதான்" என்றேன். நான் செய்ததற்கு உன்னை மன்னித்தேன். நீ என் தோளில் சாய்ந்து அழுதாய்.

இது எனக்கு முதல் தடவை இல்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். உனக்கு எட்டு, ஒன்பது வயது இருக்கும். எதிர்க்கடைக்காரன் ஆடித் தள்ளுபடி என்று போர்டு வைத்தான். நானும் வைத்தேன். அதற்கு முந்தின வாரம் உட்கார்ந்து எல்லாச் சேலைக்கும் விலைச் சீட்டை மாற்றி எழுதி, ஏற்றிவிட்டு, அதிலிருந்து குறைத்தேன். கே.ஜி.கண்டிகையிலிருந்து முனியம்மா என்று ஒரு அம்மா வருவார், நாற்று நடப் போகிறவர். அவர் போர்டு வைப்பதற்கு முன்பே ஒரு மஞ்சள் சேலை வாங்கிப் போயிருந்தார். தள்ளுபடி என்றதும் பக்கத்து வீட்டுப் பெண்ணையும் கூட்டிக்கொண்டு வந்தார். அதே சேலை, அவர் கொடுத்த விலையைவிட அதிகமாக எழுதியிருந்தது. சண்டை போடவில்லை. சீட்டை என் பக்கம் திருப்பிக் காட்டி, "தள்ளுபடின்னா எறங்கும்னு நெனச்சேன் நைனா, இங்க ஏறுதே" என்றார். "அது வேற நூலும்மா" என்றேன். நீ பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாய். மறுநாள் வேறொரு பெண் அதே மாதிரிக் கேட்டபோது, நான் வாய் திறப்பதற்குள் நீ தலை நிமிர்த்தி, "அது வேற நூலுக்கா" என்றாய். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் உனக்குக் கடலை மிட்டாய் வாங்கிக் கொடுத்தேன். முனியம்மா அதற்குப் பிறகு நம் கடைக்கு வரவில்லை. நீ அந்தப் பழக்கத்தை எங்கேயோ விட்டுவிட்டு நேர்மையாக வளர்ந்துவிட்டாய். நான்தான் அங்கேயே நின்றுவிட்டேன்.

போன ஆடிக்குத் திரும்புகிறேன். நீ ஆபீஸுக்கு ஒரு வாரம் லீவு சொன்னாய். அந்த வாரத்தில்தான் வெளிநாட்டு வேலைக்கு யாரை அனுப்புவது என்று அங்கே முடிவு செய்தார்கள், உனக்குப் பதில் வேறொரு பெண் போனாள். அதை நீ என்னிடம் சொல்லவில்லை. அம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன். கடைக்குப் பின்னால் துணி மூட்டைகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் போன் செய்தாய். "எங்க தப்புதாங்க. நான்தாங்க மறந்துட்டேன். சேலை லேட் ஆனா காச திருப்பிக் கொடுத்துடறோங்க" என்று ஒரே வார்த்தையை எத்தனை தடவை சொன்னாய். சிலர் திட்டினார்கள். சிலர் பாவப்பட்டார்கள். முன்பக்கம் கல்லாவில் உட்கார்ந்திருந்த எனக்கு "நான்தாங்க மறந்துட்டேன்" என்பது ஒவ்வொரு தடவையும் கேட்டது. கடையில் ஆள் இருந்தால் சத்தமாகப் பேசுவேன், கேட்காமல் இருப்பதற்காக.

கரண்ட் வருகிற நேரமெல்லாம் உன் மாமா நெய்தான். தெருவில் மற்றவர்களும் தங்கள் தறியில் நமக்குப் பாவு ஏற்றி நெய்து கொடுத்தார்கள். கிருத்திகைக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொரியரை நம்பாமல் நானே இரண்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு அரக்கோணத்தில் ரயில் ஏறி, பெங்களூரில் வீடு வீடாகப் போய்க் கொடுத்துவிட்டு வந்தேன். மொழி தெரியாத ஊரில் ஆட்டோக்காரரிடம் தாளைக் காட்டிக் காட்டிப் போனேன். திரும்பி வந்ததும் நீ எல்லாரிடமும் சொன்னாய், எங்க நைனா மாதிரி யாரு இருக்காங்க, நான் பண்ண தப்புக்கு இந்த வயசுல மூட்டை தூக்கினாரு என்று. அதைக் கேட்டுக்கொண்டு நின்றேன். திருட்டுப் பொருளை ஊரறியக் கழுத்தில் போட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

ஒரு சேலை மட்டும் நாளுக்குள் போய்ச் சேரவில்லை. ஹூப்ளியில் இருந்த அந்த அம்மாவுடையது. மகனுக்கு விபத்து, பிழைத்தால் கிருத்திகை அன்று மஞ்சள் உடுத்தி விரதம் இருக்கிறேன் என்று வேண்டிக்கொண்டவர். பார்சல் கிருத்திகைக்கு மறுநாள்தான் போய்ச் சேர்ந்தது. ஆங்கில எழுத்தில் தமிழாக அவர் அனுப்பிய மெயிலை நீ படித்துக் காட்டினாய். 'சேலை வந்தது. நாள் போய்விட்டது.' அவ்வளவுதான். அதை நீ எத்தனை நாள் திறந்து திறந்து பார்த்தாய் என்று எனக்குத் தெரியும்.

பிறகு உன் கல்யாண வேலை வந்தது. எல்லாம் மறந்துபோகும் என்று நினைத்தேன். ஆனால் நீ மாறிவிட்டிருந்தாய். பத்திரிகைக்கு எழுதிய பெயர்களை மூன்று தடவை சரிபார்த்தாய். முகூர்த்தப் புடவை பெட்டியில் இருக்கிறதா என்று வழியில் வண்டியை நிறுத்திப் பார்த்தாய். கல்யாணப் பெண்ணுக்குப் படபடப்பு இருக்கத்தான் செய்யும் என்று உன் அம்மா சொன்னாள். நானும் அதையே பிடித்துக்கொண்டேன். போன மாதம் நீங்கள் இருவரும் வந்திருந்தபோது மாப்பிள்ளை விளையாட்டாகச் சொன்னார்: "மாமா, இவ வீட்டப் பூட்டிட்டு நாலு வாட்டி இழுத்துப் பாக்கறா. பாதி ரோடு போயிட்டு, கேஸை மூடுனேனான்னு திரும்பி வர்றா." எல்லாரும் சிரித்தோம். நீ சிரிக்கவில்லை. "ஒருவாட்டி மறந்து பட்டிருக்கேன்ல" என்றாய்.

நீ மறக்கவில்லை, கலா. நாற்பது என்று தட்டினாய், சேமித்தாய், நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். உன் வாழ்க்கையில் நீ மறந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிற அந்த ஒன்று நடக்கவே இல்லை.

ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்று கேட்பாய். முதல் நிமிஷத்தில் சொல்லியிருந்தால் அது ஒரு அவசரக்கார அப்பனின் தப்பு. காபி குடித்து முடித்த பிறகு அது பொய். நீ வாங்கினவர்களுக்கெல்லாம் போன் செய்து முடித்த பிறகு அது என்னவென்று சொல்ல எனக்குப் பெயர் தெரியவில்லை. ஒவ்வொரு நாளும் கனம் ஏறிக்கொண்டே போயிற்று, ஏற ஏற இறக்கி வைக்கப் பயமாயிற்று. நீ இப்போது ஒரு வீட்டை நடத்துகிறாய். உன்னிடமும் தப்பு வரும். வரும்போது எதிரில் இருக்கிறவர் முகத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டு இருக்காதே. முதல் மூச்சிலேயே சொல்லிவிடு. நான் உனக்குச் சொல்லத் தகுதி உள்ள புத்தி இது ஒன்றுதான், ஏனென்றால் இதில்தான் நான் முழுசாகத் தோற்றிருக்கிறேன்.

நீ போன் செய்த மறுநாள் பழைய தாள்களைத் தேடி எடுத்து, ஹூப்ளி அம்மாவுக்குப் போன் செய்தேன். நம்பரை இரண்டு தடவை தப்பாகப் போட்டேன். யார் என்று சொன்னதும் அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. அது என் மகள் தப்பு இல்லை, நான் பேராசையில் செய்தது என்று சொன்னேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். "அந்தப் பொண்ணு போன்ல அப்டி அழுதுதே, அதுகிட்ட சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "அப்போ ஏன் எனக்குப் போன் பண்றீங்க?" என்று வைத்துவிட்டார்.

அன்று மத்தியானமே உன் அம்மாவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். கையை நிறுத்தாமல் கேட்டாள். முடித்ததும், "நம்ம பொண்ணு தவிக்கறதப் பாத்துகினே நான் குடுத்த காபிய குடிச்சீங்களே" என்றாள். அதற்குப் பிறகு இரண்டு நாள் பேசவில்லை. நேற்று அவளே வந்து, போனில் சொல்லலாமா என்று நான் யோசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்து, "வேணாம், லெட்டரா எழுதுங்க. போன்ல சொன்னா நடுவுல எங்கனா ஒரு பொய் பூந்துரும்" என்றாள். அதனால்தான் இத்தனை பக்கம்.

நீ கேட்டதற்குப் பதில்: தள்ளுபடி போடு. ஆபீஸ் பெண் வேண்டாம், நீயே போடு. உன் மாமாவிடம் நானே பேசி, கரண்ட் இருந்தால் எத்தனை, இல்லாவிட்டால் எத்தனை என்று இரண்டையும் கேட்டு, இந்தக் கடிதத்தோடு தனித் தாளில் வைத்திருக்கிறேன். சின்ன எண்ணை எடுத்துக்கொள். பாஸ்வேர்டை மாற்றிவிடு, எனக்குச் சொல்லாதே. கடைசிப் பக்கத்தில் எழுந்து போகிறவர்கள் போகட்டும். ஹூப்ளி அம்மாவுக்கு இந்த வருடச் சேலையை நேற்றே அனுப்பிவிட்டேன். அவர் அதை வாங்கிக்கொள்வாரா, திருப்பி அனுப்புவாரா என்று தெரியாது.

உனக்கு இது தலை ஆடி. முதல் தேதிக்கு முன்னால் கோயம்புத்தூர் வந்து, சீர் வைத்து உன்னை வீட்டுக்கு அழைத்து வர வேண்டும். உன் அம்மா தட்டுக்கு வேண்டியதையெல்லாம் வாங்கி வைத்துவிட்டாள். மாமாவும் கூட வருகிறான். முறைப்படி அப்பன்தான் வந்து கூப்பிட வேண்டும். என் முகத்தை உன் வாசலில் பார்க்க உனக்கு இஷ்டமா என்று எனக்குத் தெரியவில்லை, அதைக் கேட்கவும் எனக்குத் தைரியம் இல்லை. அரக்கோணத்துக்குப் போய் உன் அம்மாவுக்கும் மாமாவுக்கும் ரயிலுக்கு இரண்டு டிக்கெட் எடுத்து வந்திருக்கிறேன். மூன்றாவது இன்னும் எடுக்கவில்லை.

உன்
நைனா